கெய்சர் போன பிறகு: ஜெர்மனியின் முதல் குடியரசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பள்ளியில் படித்த வரலாற்றுப் புத்தகத்தில் வைமார் குடியரசுக்கு அரைப் பக்கம்தான். முதல் உலகப் போர் முடிந்தது, பலவீனமான ஒரு அரசு வந்தது, விலைவாசி ஏறியது, ஹிட்லர் வந்தார். நடுவில் ஓடிய 14 வருடங்களை ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே பிளாட்பாரத்தில் காத்திருக்கும் நேரம் போலக் கடந்துவிடுவார்கள். இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பலரும் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி 1918 முதல் 1923 வரை, அதாவது அந்தக் குடியரசு பிறந்து தட்டுத்தடுமாறி எழுந்து நின்ற வருடங்களைப் பற்றியது.

அவ்வளவு பலமான மன்னராட்சி எப்படி சில நாட்களில் சரிந்தது?

கடற்படையில்தான் விரிசல் விட்டது. நம் ஊரில் 'அவன் சரியான எம்டன்' என்போம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய அந்த எம்டன், கெய்சரின், அதாவது ஜெர்மன் பேரரசரின், கடற்படையைச் சேர்ந்த கப்பல். ஆனால் எம்டன் போன்ற சிலவற்றை விட்டால், அந்தக் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் போர்க்காலத்தில் பெரும்பாலும் துறைமுகத்திலேயே நின்றன. 1918 அக்டோபர் கடைசியில், தோற்றுவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, மானத்தைக் காப்பாற்ற பிரிட்டிஷ் கடற்படையோடு ஒரு கடைசி மோதல் என்று தளபதிகள் திட்டம் போட்டார்கள். சமாதானப் பேச்சு நடக்கும்போது யாருடைய மானத்துக்காக நாங்கள் சாக வேண்டும் என்று மாலுமிகள் கப்பலை எடுக்க மறுத்தார்கள். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் தொடங்கிய மறுப்பு, நவம்பர் 3, 4 தேதிகளில் கீல் துறைமுகத்தில் கலகமாக வெடித்தது. அங்கிருந்து ரயில் போன ஊருக்கெல்லாம் பரவியது.

நவம்பர் 7 அன்று தெற்கே பவேரியா மாநிலத்தில் முதல் முடி சரிந்தது. 738 வருடம் அங்கே ஆண்ட குடும்பம் ஒரே இரவில் ஊரை விட்டுக் கிளம்பியது. ஜெர்மனியில் கெய்சருக்குக் கீழே மன்னர்கள், கோமகன்கள், இளவரசர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. கெய்சரே மன்னராக இருந்த பிரஷ்யாவையும் சேர்த்து 22 முடியாட்சிகள். எல்லாம் சில வாரங்களில் காலி. அவர்களுக்காகச் சாகத் துணிந்தவர் அநேகமாக யாருமில்லை. நான்கு வருடப் போரும் பசியும் அந்த விசுவாசத்தை அரித்துத் தின்றிருந்தன.

ஒரே நாளில் இரண்டு தடவை குடியரசு அறிவிக்கப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நவம்பர் 9 நண்பகலில், பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்த கெய்சர் இரண்டாம் வில்லியத்தின் முடிவுக்குக் காத்திராமல், 'கெய்சர் பதவி விலகிவிட்டார்' என்று பிரதமர் இளவரசர் மாக்ஸ் தானே அறிவித்துவிட்டார். பிரதமர் பதவியைச் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஃபிரெட்ரிக் ஏபர்ட்டிடம் கொடுத்துவிட்டு விலகினார். ஏபர்ட் குதிரைச் சேணம் தைக்கும் தொழில் பழகியவர், தையல்காரர் மகன்.

அன்று மதியம் அதே கட்சியின் ஃபிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, தீவிர இடதுசாரியான கார்ல் லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவிக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. ஷைடமான் ஜன்னலுக்குப் போய்க் கீழே நின்ற கூட்டத்திடம் 'ஜெர்மன் குடியரசு வாழ்க' என்று சொல்லிவிட்டு வந்து மிச்ச சூப்பைக் குடித்தார். சில மணி நேரம் கழித்து லீப்னெக்ட் அரண்மனையிலிருந்து தன்னுடைய குடியரசை அறிவித்தார். நாட்டின் அமைப்பு எது என்பதை மக்கள் தேர்ந்தெடுக்கும் அவைதான் முடிவு செய்ய வேண்டும் என்று நினைத்த ஏபர்ட்டுக்குக் கடும் கோபம்; மேஜையைக் குத்திக் கத்தினார் என்று ஷைடமான் பின்னாளில் எழுதினார்.

கெய்சர் மறுநாள் விடியலில் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பதவி விலகல் கடிதத்தில் முறைப்படி கையெழுத்திட்டது நவம்பர் 28 அன்றுதான்.

தலைநகர் பெர்லின். அப்புறம் ஏன் 'வைமார்' குடியரசு?

அரசியலமைப்பு அவை கூடிய ஊர் வைமார். 1919 பிப்ரவரியில் பெர்லின் தெருக்களில் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. உறுப்பினர்கள் நிம்மதியாக உட்கார்ந்து பேச அமைதியான ஊர் தேவைப்பட்டது. கவிஞர் கதே வாழ்ந்த ஊர் என்பதால் ஒரு நல்ல பெயரும் கூடவே கிடைத்தது. அங்கே நாடக அரங்கில் அவை கூடியது.

அன்று யாரும் இந்த நாட்டை வைமார் குடியரசு என்று அதிகாரபூர்வமாக அழைக்கவில்லை. அரசியலமைப்பின் முதல் வரி, 'ஜெர்மன் ரைஷ் ஒரு குடியரசு' என்று போகிறது. ரைஷ் என்றால் பேரரசு. பேரரசு ஒரு குடியரசாம்! பேரரசர் போனாலும் அந்தப் பெயரை விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

புது அரசுக்கு முதல் வாரத்திலேயே என்ன நெருக்கடி?

எதைச் சொல்ல, எதை விட? நவம்பர் 11 அன்று போர்நிறுத்தம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருக்கும் படைகள் 15 நாளில் வெளியேற வேண்டும் என்பது நிபந்தனை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ரயிலேற்றி வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பிறகு அவர்களுக்கு வேலை தேட வேண்டும். போர் நின்றும் பிரிட்டனின் கடல் முற்றுகை நிற்கவில்லை. 1919 ஜூலை வரை தொடர்ந்தது. மக்கள் அரைப் பட்டினி. ஊருக்கு ஊர் தொழிலாளர், படைவீரர் மன்றங்கள் அதிகாரத்தைக் கையில் எடுத்திருந்தன. ரஷ்யாவில் ஒரு வருடத்துக்கு முன் நடந்த கம்யூனிஸ்ட் புரட்சி இங்கேயும் நடந்துவிடுமோ என்ற பயம் நடுத்தர வர்க்கத்துக்கு மட்டுமல்ல, ஏபர்ட்டுக்கும் இருந்தது.

ஏபர்ட் ராணுவத்தோடு ரகசிய உடன்பாடு செய்தது தவறுதானே?

இந்தக் கேள்விக்கு நான் இரண்டு பதில் சொல்வேன்.

நடந்தது இது. நவம்பர் 10 இரவு ராணுவத் தலைமையகத்திலிருந்து ஜெனரல் குரோனர் ஏபர்ட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ராணுவம் புது அரசை ஆதரிக்கும். பதிலுக்கு அதிகாரிகளின் கட்டளை அதிகாரத்தில் அரசு கை வைக்கக் கூடாது, கம்யூனிஸ்டுகளை அடக்க வேண்டும். ஏபர்ட் ஒப்புக்கொண்டார். அந்த வாரத்து நிலைமையில் நானாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். லட்சக்கணக்கான ஆயுதம் தாங்கிய மனிதர்களை வீடு சேர்க்க வேறு யாரிடம் ஆள்பலம் இருந்தது?

இரண்டாவது பதில் டிசம்பருக்கு. அந்த மாத நடுவில் பெர்லினில் தொழிலாளர், படைவீரர் மன்றங்களின் தேசிய மாநாடு கூடியது. நாடாளுமன்றத் தேர்தல் வேண்டும் என்று பெரும் பெரும்பான்மையோடு முடிவெடுத்தது. 'ரஷ்யப் பூதம்' என்று பயந்த மன்றங்களே தேர்தலைத்தான் கேட்டன. அதே மாநாடு, ராணுவத்தை மக்களாட்சிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், அதிகாரிகளின் பதவியைக் காட்டும் பட்டைகளை நீக்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. தளபதிகள் முறைத்தார்கள், ஏபர்ட் அதைக் கிடப்பில் போட்டார். தவறு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். கட்டாயத்தில் எடுத்த ஒரு வாரத்து முடிவு நிரந்தர ஏற்பாடாக மாற விட்டார்.

விளைவு ஜனவரியிலேயே தெரிந்தது. பெர்லினில் தீவிர இடதுசாரிகள் எழுச்சி செய்தபோது, அதை அடக்கும் பொறுப்பை ஏற்ற குஸ்டாவ் நோஸ்கே, ஃப்ரைகோர் எனும் தன்னார்வக் கூலிப்படைகளை இறக்கினார். குடியரசையே வெறுத்த முன்னாள் அதிகாரிகள் நடத்திய படைகள் அவை. ஜனவரி 15 அன்று அவர்கள் லீப்னெக்டையும் அவருடைய தோழர் ரோசா லக்சம்பர்கையும் பிடித்துக் கொன்றார்கள். ரோசாவின் உடல் வாய்க்காலில் வீசப்பட்டது. மே கடைசியில்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே மேடையில் நிற்பது நடக்காத காரியமானது. 14 வருடம் கழித்து அந்தப் பிளவுக்கான விலையை இருவரும் கொடுத்தார்கள்.

'முதுகில் குத்திவிட்டார்கள்' என்ற கதை எங்கிருந்து வந்தது?

தோற்றவர்களிடமிருந்துதான். 1918 செப்டம்பர் 29 அன்று, 'உடனே போர்நிறுத்தம் கேளுங்கள்' என்று கெய்சரிடம் வற்புறுத்தியவர் ஜெனரல் லூடன்டார்ஃப். அதே மூச்சில், நாடாளுமன்றக் கட்சிகளை ஆட்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். திடீர் ஜனநாயகப் பாசம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கசப்பு மருந்தை அவர்களே விழுங்கட்டும் என்பதுதான் அவர் தன் அதிகாரிகளிடம் சொன்னதன் சாரம்.

அப்படியே நடந்தது. போர்நிறுத்தத்தில் கையெழுத்திட பிரான்சின் காம்பியேன் காட்டுக்குப் போனவர் ஒரு ஜெனரல் அல்ல. கத்தோலிக்க மத்தியக் கட்சியின் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர். உலகப் போர் முடிவுக்கு ராணுவம் அனுப்பியது ஒரு சிவிலியனை! ஒரு வருடம் கழித்து, 1919 நவம்பரில், நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் வந்த தளபதி ஹிண்டன்பர்க், ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்று வாக்குமூலம் கொடுத்தார். எதிரி மண்ணில் நின்றுகொண்டிருக்கும்போதே சரணடைந்த ராணுவம் என்பதால் பலருக்கும் அது நம்பும்படி இருந்தது.

ஏபர்ட்டும் தெரியாமல் இதற்குத் தண்ணீர் ஊற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1918 டிசம்பர் 10 அன்று பெர்லின் திரும்பிய படைகளை வரவேற்றபோது, 'எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை' என்று பேசினார். அவருடைய மகன்கள் இருவர் அந்தப் போரில் செத்திருந்தார்கள். களைத்து வந்தவர்களைத் தேற்றச் சொன்ன வார்த்தை, பிறகு அவர் மேலேயே திரும்பியது.

வெர்செய்ல்ஸ் ஒப்பந்தம்தான் குடியரசைக் கொன்றதா?

பாதி உண்மை. 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தான அந்தச் சமாதான ஒப்பந்தத்தால் ஜெர்மனி தன் நிலப்பரப்பில் சுமார் 13 சதவீதத்தையும் மக்கள்தொகையில் சுமார் 10 சதவீதத்தையும் எல்லாக் காலனிகளையும் இழந்தது. ராணுவம் 1,00,000 பேரோடு நிற்க வேண்டும். போருக்கான பொறுப்பு ஜெர்மனியுடையது என்றது 231வது பிரிவு. 1921இல் நிர்ணயித்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க். ஆனால் அதில் 8,200 கோடி பெரும்பாலும் காகிதத்தில் மட்டுமே இருந்தது. நிஜமாகக் கேட்கப்பட்ட தொகை 5,000 கோடி. அதுவும் கனம்தான், ஆனால் மேடையில் முழங்கிய எண் எப்போதும் பெரியதுதான்.

கையெழுத்திடுபவரின் கை வாடிப் போகாதா என்று கேட்ட ஷைடமான் பிரதமர் பதவியை உதறினார். கையெழுத்திடாவிட்டால் படையெடுப்பு. எதிர்த்து நிற்க முடியாது என்று ராணுவத் தலைமையே சொன்ன பிறகு, அவை 237க்கு 138 என்று ஒப்புதல் கொடுத்தது. அன்று எதிர்த்து ஓட்டுப் போட்ட கட்சிகளில் சில, வேறு வழியில்லாமல்தான் மற்றவர்கள் ஆதரித்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டே, பிற்பாடு அவர்களைத் துரோகிகள் என்றன. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பின்னால் பேசிப் பேசித் தளர்த்த முடிந்தது. உள்ளூரில் அதைவைத்து நடந்த இந்த அரசியலை யாராலும் தளர்த்த முடியவில்லை.

அரசியலமைப்பிலேயே ஓட்டை இருந்ததாமே? அந்த 48வது பிரிவு என்ன?

சட்ட அறிஞர் ஹூகோ பிராய்ஸ் வரைந்த அந்த அரசியலமைப்பு, 1919 ஆகஸ்டில் அமலுக்கு வந்தபோது உலகிலேயே மிகத் தாராளமானவற்றில் ஒன்று. 20 வயதான எல்லா ஆண் பெண்ணுக்கும் ஓட்டு. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், 7 வருடப் பதவிக்காலம் கொண்ட குடியரசுத் தலைவர்.

பிரச்சினை அந்தத் தலைவரிடம்தான். பொது ஒழுங்குக்கு ஆபத்து வந்தால், அவசரச் சட்டம் போடவும், பேச்சுரிமை மாதிரி அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கவும், ராணுவத்தை இறக்கவும் 48வது பிரிவு அவருக்கு அதிகாரம் கொடுத்தது. நாடாளுமன்றம் அதை ரத்து செய்யலாம்; ஆனால் நாடாளுமன்றத்தையே கலைக்கும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கெய்சரின் நாற்காலியை அகற்றிவிட்டு, அதே இடத்தில் கொஞ்சம் சின்ன நாற்காலி போட்டது போல இருக்கும்.

ஏபர்ட் இந்தப் பிரிவை 130 தடவைக்கு மேல் பயன்படுத்தினார். பெரும்பாலும் கலகங்களையும் 1923 பொருளாதாரக் குழப்பத்தையும் சமாளிக்க. குடியரசைக் காக்க எடுத்த ஆயுதம் அது. 1930க்குப் பிறகு, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஹிண்டன்பர்க் அதையே எடுத்து, நாடாளுமன்றம் இல்லாமலே ஆளப் பழகினார்.

நிறையக் கட்சிகள் இருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணமா?

60,000 ஓட்டுக்கு ஒரு இடம் என்ற விகிதாசார முறையால் சின்னக் கட்சிகளும் உள்ளே வந்தன. 14 வருடத்தில் ஏறத்தாழ 20 அமைச்சரவைகள். ஆனால் இதைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். பெரிய கட்சிகளில் சில குடியரசையே ஏற்காததுதான் உண்மையான தலைவலி.

நீதிபதிகளும் அதிகாரிகளும் புது ஆட்சியை ஏற்றுக்கொண்டார்களா?

இதைப் பற்றி இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மன்னர் போனார், மன்னர் நியமித்த நீதிபதி மறுநாள் காலை அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பேராசிரியர், பள்ளித் தலைமையாசிரியர், மாவட்ட அதிகாரி எல்லோரும் அப்படியே. அரசு ஊழியர் உரிமைகளுக்கு அரசியலமைப்பே பாதுகாப்புத் தந்தது. நீதிபதிகளின் சுதந்திரத்தில் கை வைக்க ஜனநாயகவாதிகளுக்கும் கூச்சம். வைத்திருந்தால் அதுவே சர்வாதிகாரம் ஆகியிருக்கும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் தராசு எப்படிச் சாய்ந்தது என்று பாருங்கள். மியூனிக்கில் 1919 வசந்தத்தில் சில வாரம் நடந்த சோவியத் ஆட்சியின் தலைவர் ஆய்கன் லெவினே, பிடிபட்டதும் மரண தண்டனை பெற்றுச் சுடப்பட்டார். அதே மியூனிக்கில், அதே வருடம் பிப்ரவரியில், பவேரியாவின் முதல் குடியரசுப் பிரதமர் குர்ட் ஐஸ்னரைத் தெருவில் சுட்டுக் கொன்ற இளம் பிரபு ஆர்கோவுக்கும் மரண தண்டனைதான் தீர்ப்பு. அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1924இல் ஆள் வெளியே வந்துவிட்டார்.

எமில் கும்பெல் என்ற கணிதவியலாளர் உட்கார்ந்து எண்ணினார். 1919 முதல் 1922 வரை வலதுசாரிகள் செய்த அரசியல் கொலைகள் 354, இடதுசாரிகள் செய்தவை 22. வலதுசாரிக் கொலைகளில் 326க்குத் தண்டனையே இல்லை. (சிவில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைக் கணக்கிடும் கும்பெல் முறை இவருடையதே. பிணங்களை எண்ணியதற்காக இவர் வேலை பார்த்த பல்கலைக்கழக மாணவர்கள் இவரைத் துரத்தத் துடித்தார்கள்.)

போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட எர்ட்ஸ்பெர்கர் 1921 ஆகஸ்டில், பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் நடை போனபோது கொல்லப்பட்டார். வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தெனாவ், ஒரு யூதர், 1922 ஜூன் 24 அன்று பெர்லினில் திறந்த காரில் அலுவலகம் போகும் வழியில் சுடப்பட்டார். நாடே வீதிக்கு வந்து அழுதது. 'எதிரி வலது பக்கம் நிற்கிறான்' என்று பிரதமர் யோசஃப் விர்ட் நாடாளுமன்றத்தில் சொன்னார். குடியரசுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் யார்? அதே நீதிபதிகள்.

ராணுவம் கலகம் செய்தபோது அரசு எப்படிப் பிழைத்தது?

1920 மார்ச் 13. ஃப்ரைகோர் படைகளைக் கலைக்க அரசு உத்தரவிட்டதும், ஜெனரல் லுட்விட்ஸும் கப் என்ற அதிகாரியும் எர்ஹார்ட் என்ற ஃப்ரைகோர் படைப்பிரிவோடு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். தடுக்கச் சொன்னபோது, ராணுவம் ராணுவத்தைச் சுடாது என்ற தொனியில் தளபதிகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். கம்யூனிஸ்டுகள் மேல் துப்பாக்கி நீட்ட அவர்களுக்கு இப்படி ஒரு தயக்கம் வந்ததே இல்லை. அரசு டிரெஸ்டனுக்கும் அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கும் ஓடியது.

காப்பாற்றியவர்கள் தொழிலாளர்கள். பொது வேலைநிறுத்தம். பெர்லினில் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, டிராம் இல்லை, செய்தித்தாள் இல்லை. அமைச்சக அதிகாரிகள் கப்பின் உத்தரவுகளைக் கண்டுகொள்ளவில்லை; மத்திய வங்கி முறையான கையெழுத்து இல்லாமல் பணம் தர மறுத்தது. எனக்கு இந்த இடம் எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்: துப்பாக்கியோடு வந்த புரட்சி கவுன்டரில் மாட்டிக்கொண்டது. ஐந்தாம் நாள் கப் ஓடிவிட்டார்.

பிறகு நடந்ததுதான் கசப்பு. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் பகுதியில் கப்புக்கு எதிராக ஆயுதம் எடுத்த தொழிலாளர்கள் அதைக் கீழே வைக்க மறுத்தபோது, கப்பைத் தடுக்க மறுத்த அதே ராணுவம் போய் அவர்களைச் சுட்டுத் தள்ளியது. கலகத் தலைவர்களில் சிறைத் தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர், ஐந்து வருடம். ஜூன் தேர்தலில், 1919இல் 76 சதவீத ஓட்டு வாங்கிய, குடியரசை ஆதரித்த மூன்று கட்சிகளும் சேர்ந்தே பாதிக்குக் கீழே இறங்கின. அந்தப் பெரும்பான்மை அவர்களுக்குத் திரும்பவே இல்லை.

கூடை நிறையப் பணம் கொண்டுபோய் ரொட்டி வாங்கினார்கள் என்பது நிஜமா?

நிஜம். ஆனால் இழப்பீட்டால் மட்டும் வந்த வினை அல்ல. கெய்சரின் அரசு போருக்கு வரி போடாமல், மக்களிடம் ஒன்பது தவணையாகக் கடன் பத்திரம் விற்றுச் சமாளித்தது. ஜெயித்தால் தோற்றவனிடம் வசூலிக்கலாம் என்று கணக்கு. தோற்றபோது கடன் குடியரசின் தலையில் விழுந்தது. 1914இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க்.

1923 ஜனவரி 11 அன்று, இழப்பீட்டு நிலக்கரியும் மரமும் பாக்கி என்று பிரான்சும் பெல்ஜியமும் ரூர் பகுதிக்குள் படையோடு நுழைந்தன. அரசு அங்கே ஒத்துழையாமை அறிவித்தது. சுரங்கத் தொழிலாளி, ரயில்வேக்காரர் யாரும் வேலைக்குப் போகவில்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க நோட்டு அச்சடித்தார்கள். நவம்பரில் ஒரு டாலர் 4,20,000 கோடி மார்க். அச்சான மிகப்பெரிய நோட்டின் மதிப்பு நம் கணக்கில் ஒரு கோடி கோடி மார்க்! கூலியை வாங்கியவுடன் கடைக்கு ஓட வேண்டும். மாலைக்குள் அது வெற்றுக் காகிதம்.

யாருக்கு நஷ்டம்? வாழ்நாள் முழுக்கச் சேமித்தவருக்கு, ஓய்வூதியக்காரருக்கு, தேசபக்தியோடு போர்ப் பத்திரம் வாங்கியவருக்கு. மக்கள் கொடுத்த போர்க்கடன் ஏறத்தாழ 9,800 கோடி மார்க். 1923 நவம்பர் 15 அன்று வந்த ரென்டன்மார்க் என்ற புது நாணயத்தில் ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புது மார்க். கணக்குப் போட்டால் அந்த மொத்தக் கடனும் 10 ஃபெனிக், அதாவது பத்துக் காசு. அரசு கடனிலிருந்து தப்பியது, கடன் வாங்கித் தொழிற்சாலை வாங்கிய முதலாளிகள் கொழுத்தார்கள். சிக்கனமாக வாழ்ந்து ஏமாந்த நடுத்தரக் குடும்பம் அதைக் குடியரசின் கணக்கில் எழுதிவைத்தது. கெய்சர் வாங்கிய கடன் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

அந்த வருடமே ஹாம்பர்கில் கம்யூனிஸ்ட் எழுச்சி, ரைன்லாந்தில் பிரிவினை முயற்சி, நவம்பர் 8, 9இல் மியூனிக்கில் ஹிட்லரின் பீர்க்கூடக் கலகம். தேசத் துரோகத்துக்கு ஹிட்லருக்கு 5 வருடம். ஒரு வருடம் முடியும் முன்னே, 1924 டிசம்பரில் விடுதலை. ஆஸ்திரியக் குடிமகனான அவரை நாடு கடத்தச் சட்டத்தில் இடம் இருந்தது. மனதால் ஜெர்மானியர் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது.

இத்தனைக்கும் குடியரசு அந்த வருடத்தைத் தாண்டியது. சுமார் 100 நாள் மட்டுமே பிரதமராக இருந்த குஸ்டாவ் ஸ்ட்ரெசமான், திட்டு வாங்குவோம் என்று தெரிந்தே ரூர் ஒத்துழையாமையை நிறுத்தினார். அவர் போரின்போது மன்னராட்சியை ஆதரித்தவர். குடியரசைக் காப்பாற்றியவர்களில் இப்படி மனம் மாறி வந்தவர்களும் உண்டு.

கொடி தொடர்பாக ஒரு அரசே கவிழ்ந்ததாமே?

ஆமாம், 1926 மேயில். குடியரசின் கொடி கறுப்பு, சிவப்பு, பொன். பேரரசின் கொடி கறுப்பு, வெள்ளை, சிவப்பு. சமரசமாக வணிகக் கப்பல்களுக்குப் பழைய கொடி, அதன் மூலையில் சின்னதாகப் புதுக் கொடி! வெளிநாட்டுத் தூதரகங்கள் சிலவற்றில் அந்த வணிகக் கொடியையும் ஏற்றலாம் என்று பிரதமர் லூதர் சொன்னதும் நாடாளுமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

அடுத்த மாதமே இன்னொன்று. முன்னாள் அரச குடும்பங்களின் சொத்தை ஈடு தராமல் எடுத்துக்கொள்ளலாமா என்று பொதுவாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டவர்களில் 1.45 கோடி பேர் 'எடு' என்றார்கள். மொத்த வாக்காளர்களில் பாதிப் பேராவது ஆதரிக்க வேண்டும் என்ற விதியால் தோற்றது. கெய்சருக்கோ, பல வருடம் முன்னாலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட ரயில் பெட்டிகளில் அரண்மனைச் சாமான் நெதர்லாந்து போய்ச் சேர்ந்திருந்தது.

சாதாரண மக்களுக்கு இந்தக் குடியரசால் நல்லதே நடக்கவில்லையா?

நிறைய நடந்தது. எட்டு மணி நேர வேலை 1918 நவம்பரிலேயே வந்தது. 1919 ஜனவரி 19 தேர்தலில் பெண்கள் முதல்முறை ஓட்டுப் போட்டார்கள், 37 பெண்கள் தேர்வானார்கள். அப்போது பிரிட்டனில் 30 வயதான பெண்களுக்கு மட்டும் ஓட்டு. பிரான்சில் 1944 வரை கிடையாது. பிப்ரவரி 19 அன்று மாரி யூஹாக்ஸ் என்ற சமூக ஜனநாயகவாதி அவையில் முதல் பெண்ணாகப் பேச எழுந்தபோது, 'ஆண்களே பெண்களே' என்ற அவருடைய விளிப்புக்கே அவையில் சிரிப்பு எழுந்தது. அவர் அசரவில்லை, பெண்களுக்குத் தர வேண்டியதைத்தான் அரசு தந்திருக்கிறது, நன்றி சொல்லத் தேவையில்லை என்றார். 1927இல் வேலையின்மைக் காப்பீடு வந்தது.

ஏபர்ட்டை ஏன் அவ்வளவு கேலி செய்தார்கள்?

1919 ஆகஸ்டில், அவர் பதவிப் பிரமாணம் எடுத்த நாட்களில், பெர்லினின் பிரபலமான வாரப் பத்திரிகை ஒன்று அட்டையில் ஒரு படம் போட்டது. கடற்கரையில் நீச்சல் உடையில் தொப்பையோடு நிற்கும் ஏபர்ட், பக்கத்தில் நோஸ்கே. ராணுவ உடையும் பதக்கமும் அணிந்த கெய்சரைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, நாட்டுத் தலைவர் இப்படியா என்று இளக்காரம். சாகும்வரை அந்தப் படம் விடவில்லை. 1924 டிசம்பரில், போர்க்கால வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்ததால் அவர் சட்டப்படி தேசத் துரோகம் செய்தவர்தான் என்று ஒரு நீதிமன்றம், அவர் கொடுத்த அவதூறு வழக்கிலேயே சொன்னது. குடல்வால் வீக்கத்துக்குச் சிகிச்சை தாமதமாகி, 1925 பிப்ரவரி 28 அன்று 54 வயதில் இறந்தார்.

அவர் இடத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்தது யாரை? முதுகில் குத்திய கதை சொன்ன ஹிண்டன்பர்கை. அவருக்கு 48.3 சதவீதம், மத்தியக் கட்சியின் வில்ஹெல்ம் மார்க்ஸுக்கு 45.3. கம்யூனிஸ்டுகள் ஜெயிக்க முடியாத தங்கள் வேட்பாளரை விலக்காமல் 6.4 சதவீதத்தைத் தனியே எடுத்துக்கொண்டார்கள்.

ஹிட்லரை மக்கள் பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுத்தார்கள்தானே?

இல்லை. சுதந்திரமான தேர்தலில் அவர் கட்சி வாங்கிய அதிகபட்சம் 37.3 சதவீதம், 1932 ஜூலையில். நவம்பரில் அது 33.1ஆக இறங்கியது. வேலையில்லாதவர் 60 லட்சத்தைத் தொட்ட காலம் அது. இறங்குமுகத்தில் இருந்தவரை 1933 ஜனவரி 30 அன்று பிரதமராக்கியது ஹிண்டன்பர்க். வழி சொன்னவர் முன்னாள் பிரதமர் பாப்பன். ஹிட்லரைத் தவிர இரண்டே நாஜிகள் உள்ள அமைச்சரவை என்பதால் அவரை நாம் ஆட்டுவிக்கலாம் என்பது பழைய பிரபுக்களின் கணக்கு. 1920இல் கப்பிடம் போகாத சாவியை 1933இல் வீட்டுக்காரர்களே எடுத்துக் கொடுத்தார்கள். அதனால்தான் இந்தக் குடியரசு பிறக்கும்போதே சாகவிருந்தது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

கெய்சர் கடைசியில் என்ன ஆனார்?

நெதர்லாந்தின் டோர்ன் என்ற ஊரில் மாளிகை வாங்கி, தினமும் மரம் வெட்டிக்கொண்டு, என்றாவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். 1940இல் பாரிஸ் விழுந்தபோது ஹிட்லருக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார். 1941 ஜூன் 4 அன்று இறந்தார். ஜெர்மனியில் முடியாட்சி திரும்பினால்தான் தன் உடல் அங்கே போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். இன்றும் டோர்னில்தான் இருக்கிறது.